நடு வரியில் உடையும் கணக்கு

விடைத்தாள் திருத்தும் முகாமில் எம்-ஒன் கட்டு கைக்கு வந்தால் முகம் சுளிக்கும் பேராசிரியர்கள் உண்டு. நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். எம்-ஒன் என்பது இன்ஜினியரிங் முதல் செமஸ்டர் கணிதத் தாள். ரெகுலேஷன் மாறும்போதெல்லாம் அதன் பெயரும் கோடு நம்பரும் மாறும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' என்று பெயர். பிள்ளைகள் வாயில் அது என்றைக்கும் எம்-ஒன்தான்.

தாளில் டம்மி நம்பர் மட்டும் இருக்கும். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று தெரியாது. ஆனாலும் ஃபெயிலாகும் தாள்களை வரிசையாகத் திருத்தினால் எல்லாம் ஒரே பிள்ளை எழுதியது போலத் தோன்றும். வெற்றுத்தாள் அபூர்வம். கேலி-ஹாமில்டன் தேற்றம் கேட்டிருந்தால் தேற்றத்தின் வாசகம் ஒரு எழுத்துப் பிசகாமல் இருக்கும், அடியில் ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டிருக்கும். சூத்திரம் சரி. அதில் எண்களைப் போட்ட வரியும் சரி. பக்கத்தின் கடைசியில் விடையைச் சுற்றிக் கட்டம்கூட இருக்கும். உடைந்திருப்பது நடுவில். அடைப்புக்குறியை நீக்கும்போது ஒரு மைனஸ் காணாமல் போயிருக்கும். அல்லது இரண்டு பின்னங்களைக் கூட்டும்போது மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கும். அந்த வரிக்குப் பிறகு ஒன்றரைப் பக்கம் சிரத்தையாகக் கணக்குப் போட்டிருப்பான் பையன். ஸ்டெப் மார்க் என்று மூன்றோ நான்கோ கொடுத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவோம்.

கால்குலஸ் தெரியாமல் எம்-ஒன்னில் தோற்றவர்களை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் கைக்கு வந்திருக்க வேண்டியது வராததால் தோற்றவர்கள்தான் அதிகம். ஆனால் அந்தப் பிள்ளைகளைக் கைதூக்கிவிட நாங்கள் செய்த ஏற்பாடுகளில் பாதி, கால்குலஸை இன்னொரு தரம் சொல்லிக்கொடுப்பதாகவே இருந்தது. மீதிப் பாதி, அவர்களைத் திரும்ப எட்டாம் வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைப்பதாக இருந்தது.

1990களின் நடுவில், திருநெல்வேலிப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தேன். எம்.எஸ்ஸி., எம்.ஃபில். முடித்த கையோடு வந்த வேலை. கணிதத்துக்கெனத் தனித் துறை கிடையாது. இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் எல்லாவற்றையும் சேர்த்து எஸ் அண்ட் எச், அதாவது சயின்ஸ் அண்ட் ஹியூமானிட்டீஸ், என்பார்கள். மெக்கானிக்கல்காரர்களும் இ.சி.இ.காரர்களும் எங்களைப் பார்க்கும் பார்வையில், முதல் வருடம் முடியும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் என்ற எண்ணம் கொஞ்சம் இருக்கும். ரிசல்ட் வந்த மறுநாள் மட்டும் எங்களுக்கு எல்லோரையும்விட மரியாதை அதிகம். பிரின்சிபால் அறைக்கு முதலில் கூப்பிடுவது எங்களைத்தான்.

அன்றைக்கு வந்த பிள்ளைகள் நுழைவுத்தேர்வு எழுதி வந்தவர்கள். கட்-ஆஃப் 300க்கு. அதில் நுழைவுத்தேர்வுக்கு 100. 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத்தேர்வு இல்லை; ப்ளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை வைத்து 200க்கு கட்-ஆஃப். அதே சமயத்தில் கல்லூரிகளும் பெருகி, கொஞ்ச வருடங்களில் மாநிலத்தில் ஐநூறைத் தாண்டின. 2010 வாக்கில் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. இந்த மூன்றும் சேர்ந்து எங்கள் வகுப்பின் முகத்தையே மாற்றின.

ஸ்டாஃப் ரூமில் அப்போது ஒரு புலம்பல் ஓடிக்கொண்டே இருக்கும். என்ட்ரன்ஸை எடுத்தார்கள், தரம் போயிற்று என்று. நான் அந்தக் கட்சியில் இல்லை. என்ட்ரன்ஸ் கோச்சிங் மதுரையிலும் திருநெல்வேலியிலும் இருந்ததே தவிர விளாத்திகுளத்தில் இல்லை. அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கூலி, அம்மா வீட்டில் பெட்டி ஒட்டுகிறாள் என்று விவரத் தாளில் எழுதித் தந்த பிள்ளைகளை நான் வகுப்பில் கூட்டமாகப் பார்த்தது 2007க்குப் பிறகுதான். அவர்கள் வந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கையில் கொண்டுவந்த மதிப்பெண் பட்டியல்தான் எனக்கு எதையும் சொல்லவில்லை. 200க்கு 185 என்று இருக்கும். 140 என்று இருக்கும். இரண்டு பேரும் ஒரே இடத்தில் உடைவார்கள்.

காரணம் தெரியாமல் இல்லை. பழைய ப்ளஸ் டூ கணக்குப் புத்தகம் இரண்டு தொகுதி. எந்த அதிகாரத்திலிருந்து எத்தனை பத்து மார்க், எத்தனை ஆறு மார்க் என்று ப்ளூபிரின்ட் இருந்தது. ஒரு மார்க் கேள்விகள் பெரும்பாலும் புத்தகத்தின் பின்னால் இருந்தவையே. குலங்கள் பற்றிய அதிகாரத்தில் ஒரு கணம் ஏபீலியன் குலம் என்று நிறுவச் சொன்னால், குலம் எதற்கு என்றே தெரியாத பிள்ளை ஐந்து விதிகளையும் வரிசையாக எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கும். போதாதற்கு நிறையத் தனியார் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பாடத்தை நடத்துவதே இல்லை. இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம்தான். சார்பு, எல்லை, திரிகோணமிதி எல்லாம் பதினொன்றில் இருந்தன. எம்-ஒன் நிற்பதோ அந்தப் பதினொன்றின் மேல். 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது, அடுத்த வருடங்களில் பாடப்புத்தகங்களும் மாறின. அதன் பிறகு வந்த பிள்ளைகளிடம் வித்தியாசம் தெரிந்தது என்று நான் சாட்சி சொல்வேன். சார்பு என்றால் முழிக்கும் முகங்கள் குறைந்தன. மைனஸ் தொலைவது மட்டும் குறையவில்லை.

முதல் வகுப்பில் நான் பாடம் நடத்துவதில்லை. அரை ஷீட் பேப்பர், பெயர் எழுத வேண்டாம், ஐந்தாறு கணக்கு. இரண்டு பின்னங்களைக் கூட்டச் சொல்வேன். 0.2-ஐ 0.05-ஆல் வகுக்கச் சொல்வேன். கால்குலேட்டர் உள்ளே போய்விட வேண்டும். எக்ஸ் ஸ்கொயர் ஈக்வல் டு எக்ஸ் என்றால் எக்ஸ் என்ன என்று கேட்பேன். இந்தக் கடைசிக் கேள்விக்கு வகுப்பில் முக்கால்வாசிப் பேர் 'ஒன்று' என்று எழுதுவார்கள். இரண்டு பக்கமும் எக்ஸை அடித்துவிட்டால் ஒன்றுதானே மிஞ்சும். பூஜ்யமும் ஒரு விடை என்பது அந்த அடித்தலில் காணாமல் போகும்.

சின்ன விஷயம் என்று தோன்றும். ஐகன் வேல்யூ நடத்தும்போது எல்லா ஆசிரியர்களும் போடும் ஒரு மேட்ரிக்ஸ் உண்டு. மூலைவிட்டத்தில் 8, 7, 3. தமிழ்நாட்டில் எம்-ஒன் படித்த யாரிடம் கேட்டாலும் விடை 0, 3, 15 என்று தூக்கத்தில் சொல்வார்கள். எண்களைக் கொஞ்சம் மாற்றித் தேர்வில் கொடுத்துப் பாருங்கள். லாம்ப்டாவை எல்லா உறுப்பிலிருந்தும் அடித்துவிட்டு இரண்டே ஐகன் வேல்யூவோடு நிற்பார்கள். மூன்றுக்கு மூன்று மேட்ரிக்ஸுக்கு மூன்று வர வேண்டுமே என்ற சந்தேகம் வந்து, இரண்டில் ஒன்றைத் திரும்ப எழுதி மூன்றாக்கியவர்களும் உண்டு. பதினாறு மார்க் கேள்வி அங்கேயே சரிந்துவிடும். ஐகன் வேல்யூ அவனுக்குத் தெரியும். பொதுக் காரணியை அடிப்பதற்கும் வெளியே எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் தெரியாது. அதனால் அந்த இடத்தில் நான் பாடத்தை நிறுத்திவிட்டு அரை ஷீட் கணக்குக்குத் திரும்புவேன். பத்து நிமிடம் போதும். அதே பத்து நிமிடத்தை ஆகஸ்ட் மாதத்தில் 'அடிப்படைக் கணிதம்' என்று சொல்லி எடுத்திருந்தால் ஒரு பிள்ளையும் காதில் வாங்கியிருக்காது. ஐகன் வேல்யூ தொலைந்து நிற்கும்போது சொன்னால் வாங்கும். கூடவே ஒரு சோதனையும் சொல்லித்தருவேன்: மூலைவிட்டத்தைக் கூட்டினால் வருவதும் ஐகன் வேல்யூக்களைக் கூட்டினால் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். விடையைத் தானே சரிபார்க்கலாம் என்பது நிறையப் பிள்ளைகளுக்கு அதுவரை கேள்விப்படாத சங்கதி. சரியா தப்பா என்று சொல்வது ஆசிரியர் வேலை என்றே பன்னிரண்டு வருடம் பழகி வந்திருக்கிறார்கள்.

பிரிட்ஜ் கோர்ஸ் என்ற ஏற்பாட்டின் மேல் எனக்கு நம்பிக்கை போனதும் இப்படித்தான். காலேஜ் திறந்த முதல் வாரங்களில் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாவற்றையும் ஓட்டமாக ஓட்டுவோம். பிற்பாடு ஏ.ஐ.சி.டி.இ. மூன்று வார இண்டக்ஷன் கொண்டுவந்தபோது பிரிட்ஜ் கோர்ஸும் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. யோகாவுக்கும் ஆளுமைப் பயிற்சிக்கும் நடுவே லாகரிதம். புது டிரஸ், புது நண்பர்கள், ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காத வயிறு. அந்த வாரங்களில் பின்னம் யாருக்கு ஏறும்? இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கவுன்சிலிங்கின் கடைசிச் சுற்றிலும் துணைக் கலந்தாய்விலும் சீட் எடுத்து வரும் பிள்ளைகளுக்குத்தான் பிரிட்ஜ் கோர்ஸ் அதிகம் தேவை. அவர்கள் வந்து சேரும்போது பிரிட்ஜ் கோர்ஸ் முடிந்து மேட்ரிக்ஸ் யூனிட்டும் பாதி ஓடியிருக்கும்.

அடுத்தது, 'ஸ்லோ லேர்னர்' பட்டியல். முதல் இன்டர்னல் தேர்வு முடிந்ததும் தயாராகும். தரமதிப்பீட்டுக் குழு வரும்போது காட்ட ஃபைல் வேண்டும். யார் யார், என்ன சிறப்பு வகுப்பு, வந்தவர் கையெழுத்து. பட்டியலை வகுப்பில் வாசித்த அன்றே பாதிக் காரியம் கெட்டுவிடும். ஊரில் பத்தாவதிலும் பன்னிரண்டிலும் பள்ளி முதல் மாணவி என்று ஃப்ளெக்ஸ் வைக்கப்பட்ட பிள்ளையும் அதில் இருக்கும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், பட்டியலில் பெயர் வந்த நாளிலிருந்து முதல் பெஞ்சை விட்டுக் கடைசிக்குப் போய்விட்டாள். கூப்பிட்டுக் கேட்டதற்கு, "கண்ணாடி மாத்தணும் மேம்" என்றாள். கண்ணாடி போட்டவள் பின்னால் போவானேன் என்று நான் கேட்கவில்லை.

சிறப்பு வகுப்புக்கு நேரம் மாலை நாலே காலுக்கு மேல். காலேஜ் பஸ் கிளம்புவது நாலரைக்கு. இந்த ஒரு விவரம் போதும், எங்கள் மாதிரிக் கல்லூரிகளில் ரெமீடியல் வகுப்புகள் ஏன் தோற்கின்றன என்பதற்கு. பஸ்ஸை விட்டால் எட்டயபுரம் போகிற பிள்ளை இரண்டு பஸ் மாறி ஏழரைக்கு வீடு போக வேண்டும். பெண் பிள்ளையென்றால் அம்மா போன் செய்துவிடுவாள். ஆக, ஹாஸ்டல் பையன்கள் மட்டும் இருப்பார்கள். அவர்களில் பலர் கிரிக்கெட் கிரவுண்டைப் பார்த்தபடி இருப்பார்கள். கையெழுத்துத் தாள் மட்டும் பஸ்ஸில் போனவர்கள் பெயரிலும் நிறைந்திருக்கும்.

அதனால் நேரத்தை வகுப்புக்குள்ளேயே தேட வேண்டியிருந்தது. தேடினால் இருந்தது. டைம் டேபிளில் எம்-ஒன்னுக்கு டுட்டோரியல் என்று வாரம் ஒரு மணி உண்டு. அதைப் பெரும்பாலும் போர்ஷன் முடிக்கத்தான் பயன்படுத்துவோம். ஐந்து யூனிட், ஒவ்வொன்றும் மலை. செமஸ்டரோ கவுன்சிலிங் இழுத்ததில் ஏற்கெனவே சுருங்கிப்போயிருக்கும். டுட்டோரியலை டுட்டோரியலாகவே நடத்துகிறேன் என்று சொன்னபோது துறைத் தலைவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போர்ஷன் முடியணும், அவ்வளவுதான்" என்றார். 2017 ரெகுலேஷனில் அந்த டுட்டோரியல் மணி விரிவுரையோடு கலந்து காணாமல் போனது. 2021இல் திரும்பி வந்தது. இடைப்பட்ட வருடங்களில் நாங்களாகவே வாரத்தின் நான்கு மணியில் ஒன்றை ஒதுக்கிக்கொண்டோம்.

அந்த மணியில் என்ன செய்வது என்பதற்கு எனக்கு வழி கிடைத்தது ஒரு புத்தாக்கப் பயிற்சியில் கையில் கொடுத்த ஜெராக்ஸ் கட்டுரையிலிருந்து. யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் எழுதியது. 1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அவர் ஆய்வு மாணவராக இருந்தபோது, கறுப்பின மாணவர்கள் முதல் கால்குலஸ் தாளில் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டால் சக ஆசிரியர்கள் எங்கள் ஸ்டாஃப் ரூமில் சொல்லும் அதே காரணங்களைத்தான் சொன்னார்கள்: ஆர்வமில்லை, வீட்டில் படிப்புச் சூழலில்லை, பள்ளியில் சரியாகப் படிக்கவில்லை. ட்ரைஸ்மன் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், இருபது கறுப்பின மாணவர்களையும் இருபது சீன மாணவர்களையும் அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்க் கவனித்தார். சீன மாணவர்கள் கூடி உட்கார்ந்து, ஒருவர் விடையை ஒருவர் சரிபார்த்து, எங்கே தப்பு என்று சண்டை போட்டுப் படித்தார்கள். கறுப்பின மாணவர்கள் பாடத்துக்கு இத்தனை மணி என்று சொன்னதைச் சொன்னபடி உழைத்தார்கள், ஆனால் தனியாக. தனியாகப் படிப்பவனுக்குத் தன் தப்பு தேர்வு முடிவு வரும்வரை தெரியாது. அவர் தொடங்கிய பட்டறை ரெமீடியல் வகுப்பாக இருக்கவில்லை. சாதாரண வகுப்பைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாகப் போட வைத்தார். பலன் இருந்தது.

எனக்கு அந்தக் கட்டுரையில் பிடித்தது, கடினமான கணக்கு கொடுத்தார் என்பதுதான். எங்கள் ஏற்பாடுகள் எல்லாம் எதிர்த்திசையில் இருந்தன. தேறாத பிள்ளைக்கு முதல் யூனிட்டும் இன்னொரு யூனிட்டும் போதும், இரண்டு மார்க்கை விடாமல் எழுது, விடைத்தாளில் 45 வந்துவிடும், இன்டர்னலோடு சேர்த்து 50, பாஸ். இந்த யோசனையை நானும் கடைசி வாரத்தில் சொல்லத்தான் செய்கிறேன். பரீட்சை என்று வந்துவிட்டால் வேறு வழியில்லை. ஆனால் செப்டம்பரிலேயே அதைக் கேட்கிற பிள்ளை, தனக்கு இவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்கிறது.

நான் செய்தது இது. நான்கு பேர் கொண்ட குழு. ஹாஸ்டல், டே ஸ்காலர், தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் எல்லாம் கலந்து. மதிப்பெண்ணைப் பார்த்துப் பிரிப்பதில்லை. ஒரு குழுவுக்கு ஒரே பேனா, ஒரே தாள். ஒரு பதினாறு மார்க் கணக்கு. ஒருவர் எழுத, அடுத்த வரியை அடுத்தவர் எழுத வேண்டும். எழுதுமுன் முந்தின வரி சரியா என்று பார்த்து டிக் போட வேண்டும். டிக் போட்டவருக்கும் அந்த வரியில் பொறுப்பு உண்டு. முதல் சில வாரம் சத்தம் தாங்காது. பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்ப்பார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தங்களை இழுத்துவிட்டதாகக் கோபம் வரும். இரண்டு அப்பாக்கள் பிரின்சிபாலிடம் போய்ச் சொல்லியே விட்டார்கள். மூன்றாவது யூனிட் வரும்போது, "டேய், மைனஸ் எங்கடா?" என்று ஒருவன் கத்த, "உள்ளதான்டா இருக்கு, அடைப்பப் பாரு" என்று இன்னொருவன் கத்துவான். விடைத்தாள் முகாமில் நான் சிவப்பு மையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்த அதே இடத்தில்தான் இந்தச் சண்டை நடக்கும்.

ஒரு நாள் இரட்டைத் தொகையீடு. வரிசை மாற்றித் தொகையிட வேண்டும். ஒய்யின் மேல் எல்லை, ஏ ஸ்கொயர் மைனஸ் எக்ஸ் ஸ்கொயரின் வர்க்கமூலம். ஒரு குழு சீக்கிரம் முடித்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தது. தாளைப் பார்த்தேன். ஸ்கொயரும் ரூட்டும் அடிபட்டு, எல்லை ஏ மைனஸ் எக்ஸ் ஆகியிருந்தது. படமும் வரைந்திருந்தார்கள், இரண்டு அச்சையும் இணைக்கும் ஒரு நேர்கோடு, அடியில் முக்கோணம். எழுதியவன் கோவில்பட்டிப் பையன், ப்ளஸ் டூவில் 180க்கு மேல். நான் தப்பு என்று சொல்லவில்லை. "ஏ-க்கு 5 போடு, எக்ஸுக்கு 3 போடு" என்றேன். 25இல் 9 போனால் 16, ரூட் 4. இன்னொரு பக்கம் 5இல் 3 போனால் 2. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அந்தக் குழுவில் அதிகம் வாய் திறக்காத பிள்ளை, "மேம், இது வட்டம்லா? படம் தப்பால்ல இருக்கு" என்றது. கால் வட்டம் முக்கோணமாகியிருந்தது. பரப்பு எவ்வளவு குறைகிறது என்று போட்டுப் பார்க்கச் சொன்னேன். கால் வட்டத்துக்கு பை ஏ ஸ்கொயர் பை 4, முக்கோணத்துக்கு ஏ ஸ்கொயர் பை 2. "கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு போயிருச்சு மேம்" என்றான் கோவில்பட்டிப் பையன். ஸ்கொயரையும் ரூட்டையும் அப்படி அடிக்கக் கூடாது என்று அவனுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து யாராவது சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அடித்தால் என்ன போகும் என்று அன்றைக்குத்தான் பார்த்தான்.

தமிழ் மீடியம் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் தொடங்கியது. எங்கள் கல்லூரி போன்றவற்றுக்கு அது வரவில்லை. எங்களிடம் வந்தவர்கள் ஒரே நாளில் இங்கிலீஷுக்கு மாறியவர்கள். அவர்கள் கணக்கில் பலவீனமானவர்கள் என்று நினைப்பது பெரிய தவறு. கேள்வியில் அவர்கள் படிப்பது எண்களையும் குறிகளையும் மட்டும். வார்த்தைகளைத் தாண்டிப் போய்விடுவார்கள். பெருமமும் சிறுமமும் காண் என்ற கேள்விக்கும், நிபந்தனைக்கு உட்பட்ட பெருமம் காண் என்ற கேள்விக்கும் வித்தியாசம் ஒரு 'சப்ஜெக்ட் டு' தான். அதைத் தாண்டிப் போனவன் லக்ராஞ்ச் பெருக்கியைத் தொடாமலே சாதாரண முறையில் போட்டுவிட்டு வருவான். குழுவில் இதற்கும் வழி இருந்தது. பேனாவைத் தொடுமுன் கேள்வியை ஒருவர் தமிழில் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பு வேண்டாம், என்ன கொடுத்திருக்கிறான், என்ன கேட்கிறான் என்று மட்டும். இந்த வேலையில் முதல் மாதத்துக்குள் தமிழ் மீடியம் பிள்ளைகள்தான் கெட்டிக்காரர்களாகிவிடுவார்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவனுக்குக் கேள்வி புரிந்த மாதிரி ஒரு பிரமை இருக்கும். இவர்களுக்கு அந்தப் பிரமை கிடையாது.

பாலிடெக்னிக் முடித்து நேரடியாக இரண்டாம் வருடம் வருபவர்களுக்கு எம்-ஒன்னே இல்லை. அவர்கள் முதலில் சந்திப்பது எம்-த்ரீ, ஃபோரியர் தொடர். பெர்னௌலி சூத்திரம் போட்டு ஒரே வரியில் தொகையிட வேண்டிய இடத்தில் திணறுவார்கள். ஆனால் வரைபடம் போடச் சொன்னால் மற்றவர்கள் அவர்கள் நோட்டை எட்டிப் பார்ப்பார்கள்.

கொரோனா ஆண்டுகள் தனிக் கதை. 2021இல் ப்ளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்து, பதினொன்று மதிப்பெண்களையும் செய்முறை, அகமதிப்பீட்டையும் வைத்துக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் வந்தபோது கணக்கைவிட முதலில் காணாமல் போயிருந்தது கை. ஒரு மணி நேரம் தொடர்ந்து எழுத முடியவில்லை, விரல் வலிக்கிறது என்றார்கள். அந்த வருடம் டுட்டோரியலில் நான் கணக்கின் நீளத்தைத்தான் கூட்டிக்கொண்டே போனேன்.

அரியர் வகுப்புக்கு வருபவர்களிடமிருந்துதான் நான் அதிகம் கற்றேன். இறுதியாண்டில், கம்பெனி கேம்பஸுக்கு வரும் நேரத்தில்தான் வருவார்கள். கூட்டமாக ஆளெடுக்கும் கம்பெனிகளில் பெரும்பாலானவை நிலுவை அரியர் இருந்தால் உட்காரவே விடாது. எம்-ஒன்னை நான்காவது முறை எழுதப்போகும் பையன் டிசைன் பேப்பரிலும் தெர்மலிலும் பாஸ் செய்திருப்பான். அவற்றில் வராத கணிதமா எம்-ஒன்னில் வருகிறது? ஒருவனிடம் பழைய விடைத்தாளின் நகல் இருந்தது, மறுமதிப்பீட்டுக்காக வாங்கியது. பணம் கட்டி வாங்கிவிட்டு மொத்த மார்க்கை மட்டும் பார்த்து மடித்து வைத்திருந்தான். விரித்து வைத்து, திருத்தியவர் எந்த வரியில் பேனாவை நிறுத்தியிருக்கிறார் என்று தேடச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் எல்லாக் கேள்வியிலும் கண்டுபிடித்துவிட்டான். பெரும்பாலும் ஒரே தப்பு, மைனஸுக்குப் பின்னால் அடைப்பு போடாதது. "இதுக்காகவா மேம் மூணு வருஷம்?" என்றான். அதிலிருந்து அரியர் பிள்ளைகளிடம் முதலில் கேட்பது விடைத்தாள் நகல்தான். புதுப் புத்தகம் வாங்க வேண்டாம், நகலுக்கு விண்ணப்பி என்பேன்.

இப்போது போனில் கணக்கைப் படம் எடுத்தால் எல்லா ஸ்டெப்பும் வந்துவிடுகிறது. அசைன்மென்ட்களில் நடு வரி அத்தனை அழகாக இருக்கிறது, தேர்வுத்தாளில் பழையபடி. தடை போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. அசைன்மென்ட்டைத்தான் மாற்றிவிட்டேன். முழுக்கப் போட்ட கணக்கைக் கொடுத்து, இதில் ஒரு வரி தப்பு, எது, ஏன், அந்த வரியை எழுதியவன் என்ன நினைத்து எழுதியிருப்பான் என்று கேட்கிறேன். கடைசிக் கேள்விக்கான பதிலை போன் சொல்லித்தந்தாலும் பிள்ளைகள் தங்கள் அனுபவத்திலிருந்துதான் எழுதுகிறார்கள். தப்பான கணக்குகளை நான் உட்கார்ந்து தயாரிப்பதில்லை. முந்தின வருட இன்டர்னல் தாள்களிலிருந்து, பெயரில்லாமல், அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கையிருப்பு தீர்வதாக இல்லை.

துறைக் கூட்டத்தில் நான் வருடாவருடம் கிளப்பும் விவகாரம் ஒன்று உண்டு. எம்-ஒன்னை யார் எடுப்பது? வழக்கம் என்னவென்றால், புதிதாகச் சேர்ந்தவர் தலையில் எம்-ஒன் விழும். சீனியர்கள் மேல் செமஸ்டர் தாள்களையும் எம்.இ. வகுப்புகளையும் எடுத்துக்கொள்வார்கள். நெட் தேறி வந்த இளைஞருக்கு மெஷர் தியரி புதிதாக மனதில் இருக்கும். பின்னம் கூட்டத் தெரியாத பதினெட்டு வயதுப் பிள்ளையை இதுவரை பார்த்தே இருக்க மாட்டார். பாஸ் சதவீதம் குறைந்தால் விளக்கம் கேட்டு மெமோவும் அவருக்கே போகும். இந்த முறை இரண்டு பிரிவை நான் எடுத்துக்கொண்டேன். இன்னொரு சீனியர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருப்பவர், முணுமுணுத்துக்கொண்டே ஒரு பிரிவை எடுத்திருக்கிறார். முதல் அரை ஷீட்டைத் திருத்திவிட்டு என் மேசைக்கு வந்து, "எக்ஸ் ஸ்கொயர் ஈக்வல் டு எக்ஸுக்கு ஒருத்தன் ரெண்டு விடையும் எழுதியிருக்கான், யாருன்னு தெரியல, பேரு எழுத வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க" என்று சலித்துக்கொண்டார்.